எதிர் அணியில் புளினியோ

புளினியோ வாழைக்காய் மசியலின்மேல் வதக்கிய வெங்காயத்தை அள்ளிப் போட்டுக்கொண்டான். அன்று மாலை அவன் எறியும் பந்தை அடிக்க வேண்டியவன் எலாதியோ. ஆனால் காலைச் சாப்பாடு எலாதியோ வீட்டில்தான். அமெரிக்காவின் சிற்றூர்களில் பேஸ்பால் ஆடிப் பிழைத்த காலம் முழுக்க, ஒரே அணியில் புளினியோ எறிவான், எலாதியோ அடிப்பவனுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பிடிப்பான். பெரிய அணிகள் இருவரையும் கூப்பிடவே இல்லை. தோளும் முழங்காலும் தேய்ந்து தங்கள் சொந்தத் தீவுக்குத் திரும்பியபோது, குளிர்காலப் போட்டிக்கு ஆளுக்கொரு அணி எடுத்துக்கொண்டது.

"இன்னிக்கு என் பந்து அடி வாங்கினா வீட்டுக்குப் போயிடுன்னுட்டாங்க," என்றான் புளினியோ, தட்டைப் பார்த்தபடி.

"அந்தக் கவலையிலதான் இந்த வெட்டு வெட்டுறியா?" என்றாள் எலாதியோவின் மனைவி நூரிஸ், இன்னொரு கரண்டி வைத்துக்கொண்டே.

எலாதியோ சிரிக்கவில்லை. முந்தின நாள் அவனுடைய பயிற்சியாளர் தனியே அழைத்து, "அவன் எப்ப என்ன எறிவான்னு உனக்குத் தெரியாம இருக்குமா?" என்று கேட்டிருந்தார். தெரியாது என்று சொல்லிவிட்டான். தெரியும். வளைந்து இறங்கும் பந்தை எறியுமுன் புளினியோவின் இடக்கைக் கையுறை லேசாக விரியும். வேறு யாரும் அதைக் கவனித்ததில்லை. அணியில் எலாதியோவின் இடமும் அன்றைய ஆட்டத்தைப் பொறுத்துத்தான் இருந்தது. சில ஆட்டங்களாக அவன் மட்டை பேசவில்லை.

நூரிஸ் உள்ளே போனதும் சொன்னான்.

"மச்சான், கையுறைய இறுக்கிப் பிடி. வளைச்சுப் போடுறப்ப விரியுது."

புளினியோ நிமிர்ந்தான். "எப்பலேர்ந்து?"

"எப்பவுமே."

"அடப்பாவி. ஏன்டா சொல்லல?"

"சொன்னா அதையே நெனச்சுக்கிட்டு எறிய மறந்துடுவே."

"இப்ப மட்டும்?"

"இப்ப அடிக்கப்போறது நான்தானே."

மாலையில், ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில், ஓடக் காத்து மூன்று முனையிலும் தன் அணி ஆட்கள் நிற்க, எலாதியோ மட்டையோடு வந்தான். ஓர் அடி போதும், ஆட்டம் அவன் அணியுடையது; மூன்று முறை தவறினால் அவன் வெளியே, ஆட்டமும் போச்சு. முதல் பந்தைத் தவறவிட்டான். இரண்டாவது மட்டையின் விளிம்பில் பட்டுச் சிதறியது; அதுவும் தவறாகவே கணக்கு. கண் தானாகக் கையுறைக்குப் போனது. அது விரியாமல் கல்லாக இருந்தது. வேகப் பந்துதான் என்று முழு உடம்பையும் திருப்பி வீசினான். பந்து வளைந்து, மட்டைக்குக் கீழே நழுவி இறங்கிப் போயிற்று.

"கிழவா, மீன் பிடிக்கப் போ," என்று கூட்டத்திலிருந்து ஒருவன் கத்தினான். நூரிஸ் எழுந்து அவனைத் திட்டத் தொடங்கியது கேட்டது. பயிற்சியாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எலாதியோவுக்கு அவமானமாக இருந்தது. கூடவே அந்தப் பந்தைத் தானே பிடித்ததுபோல உள்ளங்கையில் ஒரு சூடு.

மைதானத்தின் நடுவில் வென்ற களிப்பில் எதிரணி முழுவதும் புளினியோமேல் விழுந்து கட்டிப் புரண்டது. அந்தக் குவியலிலிருந்து அவனுடைய வலக்கை மட்டும் மேலே நீண்டு, புழுதியில் ஆடிக்கொண்டிருந்தது.