கன்னிமூலைக் கதவு

சூர்யகலா வேலை முடிந்து வந்தபோது மூன்றாம் மாடியில் அவள் வீட்டுக் கதவின் அடியில் ஈரக் கைலியின் ஓரம் ஒன்று வெளியே தெரிந்தது. தள்ளிப் பார்த்தாள், திறக்கவில்லை. உள்ளேயிருந்து கணவன் ஈஸ்வரன், "இரு, வர்றேன்" என்றான். வாக்கரைத் தூக்கி வைப்பதும் காலை இழுப்பதுமாக அந்தச் சத்தம் கதவருகே வந்து சேர வெகுநேரம் ஆயிற்று.

"என்னங்க இது?"

"ஒண்ணுமில்ல. மத்தியானம் கீழ மீட்டர்ப் பெட்டிக்குள்ள அணில் பூந்து கருகிப்போச்சு. கொஞ்சம் பொகை."

"கொஞ்சம் பொகைக்கா கைலிய நனைச்சுச் சொருகுனீங்க?"

அவன் மூக்கின் இரண்டு துவாரங்களைச் சுற்றியும் மை தீட்டியதுபோல ஒரு கறுப்பு வளையம் இருந்தது. அவள் முந்தானையால் அதைத் துடைத்தாள். அவனும் குழந்தையைப்போல முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றான்.

புகை வந்தபோது கட்டிடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் தெருவுக்கு இறங்கிவிட்டார்கள். ஈஸ்வரன் மட்டும் கதவைத் திறந்து, படியில் கறுப்பாக ஒன்று சுருண்டு ஏறி வருவதைப் பார்த்து, மறுபடி மூடிக்கொண்டான். அவனால் வேறென்ன செய்ய முடியும். போடிமெட்டு வளைவில் ஜீப்பு கவிழ்ந்து இடது காலில் கம்பி வைத்து எட்டு மாதம் ஆகிறது. எஸ்டேட் முதலாளி, கால் சரியாகிறவரை இருந்துகொள்ளுங்கள் என்று போடியில் பூட்டிக் கிடந்த தன் அடுக்குமாடி வீட்டைக் கொடுத்திருந்தார். லிஃப்ட் கிடையாது. ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து இரண்டு பேர் தூக்கி இறக்குவார்கள். மற்ற நாளெல்லாம், அவள் ஏலக்காய்க் கடையில் காய் தரம் பிரிக்கப் போய்விட, அவன் ஒற்றை ஆளாக உயரத்தில் இருந்தான்.

சூர்யகலா மலைமேல் எஸ்டேட் லைன் வீட்டில் வளர்ந்தவள். ஏலக்காய் உலர்த்தும் கட்டிடத்தில் அடுப்பெரிவதைப் பார்த்தே வளர்ந்ததால் புகையின் குணம் அவளுக்குத் தெரியும். புகை மேலே ஏறும், ஆள் கீழே இறங்க வேண்டும். இந்தக் கட்டிடத்தில் புகைக்கும் ஆளுக்கும் ஒரே படிதான்.

ஒரே படி என்பதும் முழு உண்மை இல்லை. பின்பக்கம் இன்னொரு படி இருந்தது. வரைபடத்தில் போட்டிருந்ததால் கட்டிவிட்டார்கள். அது போய் இறங்குகிற இடத்தில் பின்சந்துக்குத் திறக்கிற இரும்புக் கதவு ஒன்று. அந்த இடம் தென்மேற்கு, அதாவது கன்னிமூலை. வீட்டில் எந்த மூலை திறந்தாலும் கன்னிமூலை மட்டும் திறக்கக் கூடாது, திறந்தால் செல்வமும் ஆளும் அந்த வழியே வெளியேறிவிடும் என்று குடிவந்த வருடமே யாரோ சொன்னார்கள். ஆள் வெளியேறுவதற்குத்தான் அந்தக் கதவு என்று யாருக்கும் தோன்றவில்லை. கதவுக்குப் பூட்டுப் போட்டார்கள். பூட்டு மட்டும் போதாதென்று, உள்பக்கம் கதவை ஒட்டி ஒரு கல்பலகை போட்டு, முழங்கால் உயரப் பிள்ளையாரைக் கொண்டுவந்து உட்காரவும் வைத்துவிட்டார்கள்.

மறுநாள் காலையில் அவள் முதல் மாடிக்குப் போனாள். கண்ணுச்சாமிதான் குடியிருப்போர் சங்கத் தலைவர். பேப்பரை மடித்து வைத்துவிட்டு முழுதும் கேட்டார்.

"கதவத் தொறக்கணும்னா பிள்ளையார நகட்டணும். நகட்டக் கூடாதும்மா."

"ரெண்டடி தள்ளி வச்சாக்கூடப் போதுங்கய்யா."

"ஆத்தா, அவரு கடையில வாங்குன பிள்ளையாரு இல்ல." கண்ணுச்சாமியின் குரல் தானாகவே பெருமைக்கு ஏறியது. "சிலமலைக் கம்மாக்கரையில இருந்தவரு. எங்கப்பா அந்தக் காலத்துல ஆளுக்குத் தெரியாமத் தூக்கிட்டு வந்தாரு. திருட்டுப் பிள்ளையாருக்குத்தான் சக்தி ஜாஸ்தின்னு ஒனக்குத் தெரியாதா? உக்காந்த எடத்துல இருந்து அவர எந்திரிக்கச் சொல்ல எனக்கு அதிகாரமில்ல."

"மறுபடி இந்த மாதிரி பொகை வந்தா எங்க வீட்டுக்காரரு எப்படிங்கய்யா எறங்குவாரு?"

"வராம அவரு பாத்துக்குவாரு" என்றார் கண்ணுச்சாமி. அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே நம்பினார். அவள் வேலைக்குக் கிளம்பினாள்.

அன்று முழுக்க, சல்லடையில் காய் உருள உருள, அவள் மனதில் அவர் சொன்னதே உருண்டுகொண்டிருந்தது. பெரிய காய் மேலே நின்றது, சின்னது கீழே விழுந்தது. பிள்ளையாரை நகர்த்தத்தான் கூடாது. திருடலாம். திருடினால் குற்றம் கிடையாது, சொல்லப்போனால் அவருக்குச் சக்தி கூடும். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் ஈஸ்வரனிடம் சொன்னாள்.

"எனக்காகச் சாமியத் திருடுவியா நீயி?"

"ஒங்களுக்காகன்னு யாரு சொன்னா? பன்னெண்டு வீடு இருக்கு."

"சிக்குனா?"

"சிக்குனா, கண்ணுச்சாமி அய்யாவோட அப்பா என்ன சொல்லியிருப்பாரோ அதையே சொல்றேன்."

அவன் யோகராஜுக்குப் போன் போட்டான். யோகராஜ் அவனோடு மலைக்கு ஜீப்பு ஓட்டியவன். விபத்தன்று பின்னால் வந்த வண்டி அவனுடையதுதான். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "மாப்ளே, எத்தன கிலோ இருப்பாரு?" என்று மட்டும் கேட்டான்.

ஒரு வாரம் அவள் பின்படியைச் சுத்தம் செய்தாள். உடைந்த நாற்காலி, காய்ந்த பூந்தொட்டி, யாருடையதென்று தெரியாத தொட்டில் எல்லாவற்றையும் வீட்டுக்கு வீடு கேட்டு அப்புறப்படுத்தினாள். இரண்டாம் மாடியில் இருக்கிற பேங்க் வேலைக்காரப் பெண் பவதாரணி, "அக்கா, ஒங்க வீடே இல்ல, இம்புட்டு மெனக்கெடுறீங்களே" என்றாள். மலைக்காரர்களுக்குச் சுத்தம் ஜாஸ்தி என்று கட்டிடத்தில் பேசிக்கொண்டார்கள்.

திருட்டுக்கு வேளையும் வாய்த்தது. மார்ச்சு மாதம், ஒரு சனிக்கிழமை பொழுது சாயும்போது மேற்கே மலைச்சரிவில் தீ பிடித்தது. கோடையில் எப்போதாவது இப்படிப் பிடிக்கும். தூரத்தில் இருந்து பார்த்தால் யாரோ மலைக்கு ஆரஞ்சு நிறத்தில் ஒரு சங்கிலியைப் போட்டு, அதை மெதுவாக இழுப்பதுபோல இருக்கும். கட்டிடம் மொத்தமும் மொட்டைமாடிக்கு ஏறிப்போயிற்று. யாரோ முறுக்குத் தட்டைக்கூட எடுத்துக்கொண்டு போனார்கள். ஈஸ்வரன் வாசல் கதவைத் திறந்து வைத்து, படிச்சத்தத்தைக் கேட்டபடி பின்பக்க பால்கனியில் வாக்கரோடு நின்றுகொண்டான். யாராவது கீழே இறங்கினால் வாக்கரால் கம்பியில் தட்ட வேண்டும், அதுதான் ஏற்பாடு.

யோகராஜ் ஏலக்காய்ச் சாக்கு ஒன்றோடு வந்தான். பிள்ளையார் எண்ணெய்ப் பிசுக்கும் வாடிய அருகம்புல்லுமாக, நடப்பதையெல்லாம் எதிர்பார்த்தவர்போல உட்கார்ந்திருந்தார்.

"தங்கச்சி, லோடு ஏத்துறதுக்கு முன்னாடி கும்புடவா, ஏத்துன பின்னாடியா?"

"ஏத்தும்போதே கும்புடுங்கண்ணே. வெரசாத் தூக்குங்க."

"சிலமலைக்காரரு. வெயிட்டு இருக்கத்தான் செய்யும்."

இருவருமாகத் தூக்கிச் சாக்குக்குள் இறக்கினார்கள். பின்கதவு பூட்டியிருந்ததால் வண்டி நிறுத்துமிடம் வழியாக, கார்களுக்கு நடுவே, முன்வாசலுக்கு நடத்திக்கொண்டு போக வேண்டியிருந்தது. நடத்தி என்றால் அப்படித்தான். சாக்கின் இரண்டு காதுகளையும் ஆளுக்கொன்றாகப் பிடித்து, பத்தடிக்கு ஒருமுறை கீழே வைத்து இளைப்பாறி. மாடியிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. பால்கனிக் கம்பியில் தட்டல் எதுவும் கேட்கவில்லை. ஜீப்பு கிளம்பியது.

மறுநாள் யோகராஜ் போனில் சொன்னான். போடிமெட்டுச் சோதனைச் சாவடியில் மலையாளத்துக்காரர் ஒருவர் சாக்கு வாயை விலக்கிப் பார்த்தாராம். "கணபதியோ?" என்று கேட்டு, தும்பிக்கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "செரி, பொய்க்கோ" என்று சாக்கை மூடிப் போகவிட்டாராம். சூர்யகலாவின் அண்ணன் சோலைமலை, லைன் வீடுகளுக்கு முன்னால் இருக்கிற பலாமரத்தடியில் இடம் பார்த்து வைத்திருந்தான். அங்கே பிள்ளையாருக்கு வந்தவுடனே குளியல் நடந்தது.

இங்கே ஞாயிற்றுக்கிழமை காலையில் விளக்குப் போட வந்த கண்ணுச்சாமி, வெறும் கல்பலகைக்கு முன்னால் எண்ணெய்க் கிண்ணத்தோடு நின்றார். கூட்டம் கூடிவிட்டது. போலீசுக்குப் போகலாம் என்றார் ஒருவர். "போயி? மொதல்ல இவரு யாரு பிள்ளையாருன்னு கேப்பான்" என்றார் கண்ணுச்சாமி. வேறொன்று வாங்கி வைக்கலாம் என்றார் இன்னொருவர். வாங்கினதுக்குச் சக்தி ஏது என்று கேள்வி வந்தது. அப்படியென்றால் யாராவது போய்த் திருடிக்கொண்டு வர வேண்டும். எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள்.

"என்னையப் பாக்காதீக சார்" என்றாள் பவதாரணி. "நான் பேங்குல வேல பாக்குறேன். திருடுனா சோலி போயிரும்."

கண்ணுச்சாமிக்குச் சர்க்கரை, மூட்டுவலி. மற்றவர்களுக்கு வேறு வேறு காரணங்கள். ராசிங்காபுரம் தோட்டத்துக் கிணற்றடியில் ஒரு பிள்ளையார் அநாதையாக இருக்கிறார் என்று யாரோ தகவல் சொன்னார்கள். அதைக் கேட்டுக்கொண்டே கூட்டம் கலைந்தது. போவதாக யாரும் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து சூர்யகலா கண்ணுச்சாமியிடம் பின்கதவுச் சாவி கேட்டுப் போனாள்.

"வாசல் மண்ணுல ஜீப்பு டயர் தடம் கெடந்துச்சு" என்றார்.

அவள் தரையைப் பார்த்தாள்.

"அவர நல்லா வச்சிருக்காங்களா?"

"எனக்கு எப்படிங்கய்யா தெரியும். ஆனா யாரு வச்சிருந்தாலும் நல்லாத்தான் வச்சிருப்பாங்க. காலையில குளிப்பாட்டி, செவ்வரளி மாலை போட்டு, பொங்கல் வச்சு..."

"செவ்வரளி" என்றார் அவர். "இங்க நான் அருகம்புல்லோட நிறுத்திக்கிட்டேன்." பிறகு உள்ளே போனார். அவர் திரும்பி வர மாட்டார் என்றுதான் அவள் நினைத்தாள். வந்தார், கையில் துருப்பிடித்த சாவி இருந்தது. "எங்கப்பா தூக்கிட்டு வந்தப்ப சிலமலைக்காரன் ஒருத்தனும் கேட்டு வரல. இப்ப நான் கேட்டா அவருக்குத்தான் அசிங்கம். பூட்ட எடுத்துரு. ஆனா கன்னிமூலை, ஆத்தா. சும்மா ஆன்னு தொறந்து போட்டுறாதீக. தாழ்ப்பாள் போட்டு வையிங்க."

"உள்பக்கத் தாழ்ப்பாள்தானே?"

"உள்பக்கந்தான்."

பூட்டு சாவிக்குத் திறக்கவில்லை. வெல்டிங் கடைக்காரர் வந்து அறுத்தெடுத்தார். கல்பலகையைச் சுவரோரமாகத் தள்ளிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில், அவள் வேலைக்குக் கிளம்புவதற்கு முன், ஈஸ்வரன் பின்படியில் இறங்கினான். முதல் படியில் உட்கார்ந்து, நல்ல காலை நீட்டி, கையை ஊன்றி, அடுத்த படிக்கு நழுவினான். அவள் வாக்கரைத் தூக்கிக்கொண்டு முன்னால் இறங்கினாள். இறங்க எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்க, போனில் மணி ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் ஒருமுறை அவன் கண்ணை மூடிக்கொண்டான். வலிக்கிறதா என்று அவள் கேட்கவில்லை, பொகை வந்தால் கண் தெரியாதே, அதற்குப் பழகுகிறேன் என்று அவனாகவே சொன்னான்.

தாழ்ப்பாளை அவன்தான் நீக்கினான். வெளியே சந்து. எதிரே ஏலக்காய்க் குடோனின் நீளச் சுவர், அதிலிருந்து மெல்லிய வாசம். ஈஸ்வரன் வாக்கரை ஊன்றித் திரும்பி, எட்டு மாதம் குடியிருந்த கட்டிடத்தின் முதுகை முதன்முதலாகப் பார்த்தான். குழாய்கள், கொடியில் துணிகள், பாசி படிந்த ஒரு கோடு.

"இதுல நம்மது எது?"

அவள் காட்டினாள். இவ்வளவு உயரத்திலா இருந்தோம் என்பதுபோல அவன் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றான்.

"பதினாலு நிமிசம்" என்றாள்.

"பொகை பதினாலு நிமிசம் காத்திருக்குமா?"

"காத்திருக்காது."

"அப்ப நாளைக்கும் எறங்கணும்" என்றான். "அதுக்கு இப்ப மேல ஏறணும்."

கதவுக்குள்ளிருந்து செருப்புச் சத்தம் வேகமாக வந்தது. பவதாரணி, தோளில் பையும் கையில் சாப்பாட்டுக் கூடையுமாக. பஸ்சு நிற்கும் இடத்துக்கு இந்தச் சந்து வழியாகப் போனால் பாதி தூரம்தான் என்பதை அவள் அதற்குள் கண்டுபிடித்துவிட்டாள்.

"அண்ணே, கொஞ்சம் ஒதுங்கிக்கங்க. வழியில நிக்கிறீக."

ஈஸ்வரன் வாக்கரை எடுத்துத் தள்ளி வைத்து, அவளுக்கு வழிவிட்டான்.