சட்டிக்கல் மலைக்கு மூன்று வழிகள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. ஒரு பொங்கல் மலருக்கு ஒன்றரைப் பக்கக் கட்டுரை கேட்டார்கள். செய்யாற்றைப் பார்த்தபடி நிற்கும் சட்டிக்கல் மலைக்கு மூன்று நடைவழிகள் உண்டு. தூரம், ஏற்றம், இளைப்பாறும் இடம் எல்லாம் எழுதவேண்டும். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்தபடியே இரண்டு வழிகளில் ஏறி இறங்கிவிட்டேன். (என் முழங்காலைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். வேண்டாம், அது எதற்கு?)

மூன்றாவது வழியை எழுதும்போது, தலையில் மோர்ப்பானையோடு ஒரு பெண்பிள்ளை குறுக்கே வந்தாள். பெயர் எல்லம்மாள். கட்டுரை அங்கேயே படுத்துவிட்டது.*

* மலையை வரைபடத்தில் தேடாதீர்கள். மாகறலுக்குப் பக்கத்தில் நானே கொண்டுபோய் வைத்தது.

2

முதல் தொடக்கம்: 'சூரியன் செய்யாற்று மணலில் பொன்னைக் குழைத்து…'

அடித்துவிட்டேன். சூரியனுக்கு வேறு வேலை இருக்கிறது.

இரண்டாம் தொடக்கம்: 'எல்லம்மாள் ஓர் ஏழை. அவளுடைய கண்ணீர்…'

"யாருய்யா ஏழ? எங்க வூட்ல ரெண்டு எரும கீது. ஒயுங்கா எய்து."

தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அதையும் அடித்தேன்.

மூன்றாம் தொடக்கம் (இது நிற்கும்): 1981, காணும் பொங்கல், காலை ஏழு மணி. அன்றைக்குச் சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் கட்டுச்சோறும் கரும்புமாக மலை ஏறும். உச்சி வெறும் மொட்டைப் பாறை. கவிழ்த்த சட்டி போன்ற ஒரு பெரிய கல்லுக்கு அடியில் மட்டும் ஒரு பாய் அகலத்துக்கு நிழல். முதலில் அங்கே சாக்கு விரிப்பவருக்கே அன்றைக்கு அந்த நிழல் சொந்தம். வெயிலில் வைத்து விற்கும் மோர் பத்து மணிக்குள் புளித்துவிடும், யாரும் தொடமாட்டார்கள்.

மூன்று வருஷமாக நிழலைப் பிடிப்பவள் மங்கம்மா, எல்லம்மாளின் ஓரகத்தி. மூன்று வருஷமாகப் புளித்த மோரை எல்லம்மாள் வீட்டுக்குச் சுமந்து வந்து எருமைக்கே ஊற்றுகிறாள். 'இது நான் கொடுத்ததா?' என்று எருமை அவளைப் பார்க்கும். இந்த வருஷமும் மோர் திரும்பி வந்தால் மலை வியாபாரத்தையே விட்டுவிடுவதாகப் புருஷனிடம் சொல்லியிருந்தாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், எல்லம்மாளின் மோரை நாலு பேர் குடித்துக்கொண்டிருக்கும்போது மங்கம்மா ஒரு வார்த்தை சொன்னாள்: "அது மோரா? செய்யாத்துத் தண்ணி." அன்றிலிருந்து நேர்ப்பேச்சு இல்லை. ஆனால் ஒரே முற்றத்தில் இருந்துகொண்டு பேசாமல் எப்படி இருப்பது? அதனால் வெள்ளாட்டிடம் பேசுவார்கள். மற்றவள் கேட்டுக்கொள்வாள்.

3

என் கட்டுரையில் மிஞ்சியது இவ்வளவுதான்.

படி வழி: மலையைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும். யாரோ ஒரு புண்ணியவான் பாதி மலைவரை படி கட்டினார். மீதிக்குப் புண்ணியம் தேவைப்படவில்லை போலும்.

ஏரிக்கரை வழி: ஆடுகள் போட்ட தடம். சூரைமுள், கிளாப்புதர், முழு வெயில்.

ஓடை வழி: வறண்ட ஓடைக் கற்களின் மேலேயே ஏறினால் பாதி நேரம்தான். ஆனால் முக்கால் மலையில், இரண்டு பாறைகளுக்கு நடுவே ஓர் இடுக்கு. பக்கவாட்டில், வயிற்றை எக்கி நுழையவேண்டும். பானைக்காரர்கள் அந்தத் திசைக்கே போவதில்லை.

மாட்டுப் பொங்கலன்று சாயங்காலம், எல்லம்மாள் ஆட்டிடம் உரக்கச் சொன்னாள்: "ஏ வெள்ள, நாளைக்கு நான் ஏரிக்கர வயியாத்தான் போவப் போறேன். தெரிஞ்சிக்கோ."

முற்றத்தின் மறுபக்கத்திலிருந்து மங்கம்மா அதே ஆட்டிடம்: "ஏ வெள்ள, எனுக்குப் படி வயிதான் ஒத்துக்கும். யாராண்டயும் சொல்லிடாத."

ஆடு இரண்டையும் கேட்டுக்கொண்டு கரும்புத் தோகையைத் தின்றது. (இந்தக் கதையில் ரகசியம் காத்த ஒரே ஆள்.)

4

எல்லம்மாள் ஓடையில் ஏறினாள். பனியில் நனைந்த கற்கள் பாதத்துக்குச் சில்லென்று இருந்தன. திரும்பிப் பார்த்தால், கீழே மணலுக்கு நடுவே ஆறு மெல்லிசாக ஓடிக்கொண்டிருந்தது. அக்கரையில் அடுப்புப் புகை. மலையே தன் பேருக்குப் பட்டா ஆனதுபோல இருந்தது அவளுக்கு. ஒரு தெம்மாங்கை முணுமுணுத்துக்கொண்டே வளைவைத் தாண்டினாள்.

வழியில் ஒரு மோர்ப்பானை உட்கார்ந்திருந்தது. ஈரச்சாக்குச் சுற்றிய, அவளுக்கு நன்றாகத் தெரிந்த பானை. அதற்கப்பால், இடுக்குக்குள், மங்கம்மா.

(சத்தியமாக நான் அவளை அங்கே வைக்கவில்லை. படி வழியில்தான் அனுப்பினேன். பாத்திரங்கள் ஆட்டிடம் சொல்லும் பொய்யை எழுத்தாளனிடமும் சொல்கின்றன.)

எல்லம்மாள் தன் பானையை இறக்கி வைத்தாள். பாறையைப் பார்த்துக் கேட்டாள்: "ஏ பாற, படி வயி எப்பலேர்ந்து இந்தாண்ட வந்திச்சி?"

இடுக்கிலிருந்து, தன் பானையிடம் மங்கம்மா: "ஏ பான, ஏரிக்கர மட்டும் இங்கதான் கீதா?" பிறகு கொஞ்சம் இறங்கிய குரலில், "சனிக்கெயம வந்து பாத்தேனே. சல்லுனு பூந்து அந்தாண்ட போனேன்."

"ஏ பாற, சனிக்கெயமைக்கு அப்பால பொங்கலு வந்துச்சே, அது இன்னா ஆச்சி?"

ஆச்சு. போகிக்குப் போளி. பொங்கலுக்குப் பொங்கல். மாட்டுப் பொங்கலுக்கு மறுபடியும் பொங்கல், கூடவே வடை. மங்கம்மா இடுக்கை அளந்தாள்; பண்டிகையை அளக்கவில்லை. முதலில் உடம்பு போகட்டும், பிறகு பானையை இழுத்துக்கொள்ளலாம் என்று நுழைந்தவள், போகவும் முடியாமல் வரவும் முடியாமல் நின்றாள்.

5

முடிவு அ: 'எல்லம்மாள் பானையைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினாள். படி வழியில் ஓடினால் ஒன்பதரைக்கு நிழல் அவளுடையது. திரும்பிப் பாராமல் இறங்கி, இறங்கி…'

இருபது எட்டு வைத்திருப்பாள். கீழே ஓடைக்குள் கூச்சல் கேட்டது. திருமுக்கூடல் பக்கத்திலிருந்து டிராக்டரில் வந்த கும்பல், குறுக்கு வழி என்று நம்பி ஏறிக்கொண்டிருந்தது. முப்பது பேராவது இருக்கும்.

எல்லம்மாள் நின்றாள். மங்கம்மாவின் முந்தானை பாறையில் மாட்டி இழுத்துக்கொண்டிருந்ததை அவள் பார்த்திருந்தாள். இன்னும் ஐந்து நிமிஷத்தில் முப்பது பேரும் பார்ப்பார்கள்.

என் வாக்கியம் இன்னும் கீழே இறங்கிக்கொண்டிருக்க, அவள் மேலே ஏறிவிட்டாள்.

முந்தானையை விடுவித்து, சுற்றி, இடுப்பில் செருகினாள். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக நேராகப் பேசினாள்: "மூச்ச வுடுக்கா. வயித்த எக்கு." கையைக் கொடுத்து இழுத்தாள்.

"எல்லி, மெதுவாடி! அக்குள்ள கை வெக்காத, கூசுது… ஐயோ, வேணாண்டி…"

மங்கம்மா சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்தால் வயிறு உப்பும். உப்பினால் பாறை பிடிக்கும். பிடித்தால் இன்னும் சிரிப்பு.

"சிரிக்காதக்கா! சிரிச்சா எப்டி வருவ?"

"நீ மொதல்ல மூஞ்ச அந்தாண்ட திருப்பு. ஒன்ன பாத்தாதாண்டி சிரிப்பு வருது!"

எல்லம்மாள் மூஞ்சியைத் திருப்பினாள். ஆனால் அவள் தோள் குலுங்கியது.

முடிவு ஆ: 'இருவரும் கட்டித் தழுவிக்கொண்டார்கள். கைகோத்து உச்சிக்குப் போய் நிழலைப் பங்கிட்டு…' எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. எல்லம்மாள் படித்தாள்.

"கண்ணத் தொடச்சிக்கோய்யா. சமாதானம்னு யாரு சொன்னா? முந்தானைய சரி பண்ணா ஆச்சா? அவ சொன்ன வார்த்த அப்டியேதான கீது?"

அடித்தேன்.

6

கும்பல் வந்து சேர்ந்தது. வழி அடைபட்டிருக்கிறது, மங்கம்மா சிரித்து முடிக்கும்வரை யாரும் போகமுடியாது. ஏறி வந்த தாகம் எல்லாருக்கும். அப்போதுதான் எல்லம்மாள் கவனித்தாள்: இரண்டு பக்கமும் பாறை; சூரியன் எட்டிப் பார்க்காத இடம்; இடுக்கு வழியாக ஜிலுஜிலுவென்று காற்று. உச்சியில் பாய் அகல நிழலுக்கு மூன்று வருஷம் ஓடியிருக்கிறாள். இங்கே முப்பது பேர் நிற்கும் நிழல்.

டம்ளரை எடுத்தாள்.

"எல்லி!" இடுக்கிலிருந்து குரல். "என் பானையிலயும் மொண்டு ஊத்துடி!"

"இன்னாத்துக்கு? என்னுது செய்யாத்துத் தண்ணியாச்சே, அதையே குடிக்கட்டும்."

"அப்ப ஜனங்களே சொல்லட்டும், எது மோரு எது தண்ணினு. தெகிரியம் கீதா?"

மூன்று வருஷமாக எல்லம்மாள் கேட்க நினைத்தது இதைத்தான். இரண்டு பானைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஈரச்சாக்கை விலக்கினாள்.

முதல் டம்ளர் யாருக்கு? எனக்கில்லை. நான் டீக்கடையில் இருக்கிறேன். வரிசையில் முதல் ஆளாக நிற்பது நீங்கள்தான். இவ்வளவு தூரம் ஏறி வந்திருக்கிறீர்கள். எல்லம்மாள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். மங்கம்மாவுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. நினைத்தால் இப்போது வழுக்கிக்கொண்டு வெளியே வரலாம், வரவில்லை. அங்கிருந்தே உங்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

சொல்லுங்கள். பின்னால் முப்பது பேர் நிற்கிறார்கள். எந்தப் பானை?