கேட்டால் அழுத்துங்கள்

கனத்த கதவு மூடிக்கொண்டதும் உலகத்தின் மேல் யாரோ பஞ்சுப்பொதியை இறக்கி வைத்ததுபோல் ஆயிற்று, சுற்றிலும் பொத்தல் பொத்தலான சாம்பல் நிறப் பலகை, தலையை இறுக்கும் ஹெட்போன், பாவாயியின் கைக்குள் ஒரு பொத்தான், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காதைப் பரிசோதிக்கும் பெண், அவளுக்குப் பின்னால் பெஞ்சில் மகள் கோகிலவாணி, மகளின் தோளில் தூங்கும் ஏழு மாதப் பேத்தி. சத்தம் எவ்வளவு சின்னதா கேட்டாலும் அழுத்துங்கம்மா, வலிக்காது, ஊசியெல்லாம் கிடையாது என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள், வலித்தால்கூடத் தேவலை என்று பாவாயி நினைத்துக்கொண்டாள். டிவிய இம்புட்டுச் சத்தமா வெக்கறயேம்மா, சும்மா ஒருக்கா பாத்துட்டு வந்தரலாம் என்று சாதாரணமாகத்தான் மகள் அழைத்து வந்தாள், ஆனால் பஸ்ஸில் வரும்போது ஒருமுறைகூடக் குழந்தையை இவள் மடிக்கு மாற்றவில்லை.

முதலில் தடித்த சத்தங்கள் வருகின்றன, தூரத்து லாரி ஹாரன்போல, அழுத்துகிறாள், பிறகு மெலிந்தவை, அழுத்துகிறாள், அப்புறம் ஒன்றுமில்லை, தறிக் கொட்டகையில் கரண்ட் போன நொடியைப்போல ஒன்றுமே இல்லை, குமாரபாளையத்தில் கல்யாணமான நாளிலிருந்து தறி ஓட்டுகிறவள், அங்கே யாரும் காதை நம்பிப் பேசுவதில்லை, உதட்டைப் பார்த்து, கையைப் பார்த்து, நாலு தறி தள்ளி நிற்பவளின் வீட்டுச் சண்டையைக்கூடத் தெரிந்துகொள்ளலாம், அந்தக் கண் இப்போதும் பார்க்கிறது, பரிசோதிக்கும் பெண்ணின் வலது தோள் லேசாக அசைகிறது, அப்படியென்றால் சத்தம் வந்திருக்க வேண்டும், அழுத்துகிறாள், தோள் அசைகிறது, அழுத்துகிறாள், உள்ளங்கை வியர்த்துப் பொத்தான் வழுக்குகிறது. அன்றைக்கும் இந்தக் கைதான் ஈரமாக இருந்தது, சமையல்கட்டில் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கீரை அலசிக்கொண்டிருந்தாள், கோகிலவாணி ரேஷன் கடைக்குப் போயிருந்தாள், குழந்தை அடுத்த அறைத் தூளியில், வீடு எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்றுகூட நினைத்தாள், திரும்பியபோது பக்கத்து வீட்டுக்காரி நடுவீட்டில் நிற்கிறாள், அவள் கையில் குழந்தை, தூளித் துணி கழுத்தில் சுற்றிய தடம் சிவந்து கிடக்கிறது, முகம் நீலம் பாரித்து, வாய் பிளந்து, அழுகிறது, அழுகிறது என்பது பார்த்துத்தான் தெரிந்தது, தெரு முழுக்கக் கேட்டுதே என்கிறது பக்கத்து வீட்டுக்காரியின் உதடு, பின்னாலேயே ஓடி வந்த மகளிடம் பாவாயி சொன்னாள், தூங்கிட்டேன் கண்ணு.

கதவு திறந்தது. அந்தப் பெண் உள்ளே வந்து குனிந்து, முகத்துக்கு நேராக, அம்மா, நான் சத்தமே அனுப்பாம தோளை மட்டும் அசைச்சுப் பாத்தேன், அப்பவும் அழுத்துனீங்க என்றாள், கோபமில்லாமல், நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பினாள். பாவாயி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், ஏனுங் கண்ணு, காது நல்லாருக்குதுன்னு எம்புள்ளகிட்டச் சொல்லிர முடியாதுங்களா. அந்தப் பெண் இல்லையென்று தலையசைத்தாள். பொய்யா அழுத்துனா எனக்கு ஒண்ணுமில்லம்மா, உங்களுக்குக் காதுல வெக்கற மிஷின்தான் தப்பா அமைஞ்சு போயிரும் என்று சொல்லிக் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு போனாள்.

இனிச் சுவர் மட்டும். தோள் இல்லை, உதடு இல்லை, பொத்தானின் மேல் கட்டைவிரல் காத்திருக்கிறது, ஏதாவது வா என்று உள்ளுக்குள் கெஞ்சுகிறாள், வந்ததா, வரவில்லையா, ரத்தம் ஓடும் இரைச்சலா, அழுத்திவிடலாம், அழுத்தினால் பேத்தி மடிக்கு வருவாள், வந்து, மறுபடி தூளித் துணி சுற்றினால். கட்டைவிரலைத் தூக்கிப் பொத்தானுக்கு வெளியே வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு கேட்டதற்கு மட்டுமே அழுத்தினாள், வெகுநேரம் அழுத்தாமலே உட்கார்ந்திருந்தாள்.

வெளியே மேசையில் வரைபடத்தை விரித்து, தட்டையாகப் போய்ப் பாதியில் சரிந்து இறங்கும் கோட்டைக் காட்டி, இத்தனை வருசத் தறிச் சத்தம் பண்ணுன வேலைங்க, கனத்த சத்தமெல்லாம் கேக்கும், கீச்சுன்னு வர்றது கேக்காது, பேசறதுல பாதி உதட்டைப் பாத்துத்தான் புரிஞ்சுக்கறாங்க, முதுகுப் பக்கம் குழந்தை அழுதாக்கூடத் தெரியாது என்று அந்தப் பெண் கோகிலவாணியிடம் விளக்கினாள். கோகிலவாணி கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தாயின் பக்கம் முழுக்கத் திரும்பினாள்.

அப்ப அன்னைக்கி நீ தூங்கலயா.

இல்ல கண்ணு.

பின்ன ஏம்மா தூங்கிட்டேன்னு சொன்ன, ஊருச் சனத்துகிட்டயெல்லாம் எங்கம்மா இப்பிடித் தூங்கிப்போட்டான்னு சொல்லிட்டுத் திரிஞ்சனே.

தூங்குனேன்னா நாலு நாளைக்கித் திட்டுவ, அப்பறம் மறந்துருவ, காது கேக்கலீன்னா புள்ளயக் காலத்துக்கும் குடுக்க மாட்டயே.

கோகிலவாணி மூக்கை உறிஞ்சிக்கொண்டாள், தோளில் கிடந்த குழந்தையை எடுத்துத் தாயின் மார்பில் சாய்த்தாள், கை மாறிய அசைவில் குழந்தை விழித்துக்கொண்டு முகத்தைப் பாவாயியின் கழுத்தடியில் புதைத்தது, இப்போது அதன் வாய் தெரியவில்லை, சத்தமும் இல்லை, ஆனால் நெஞ்செலும்பில் ஏதோ அதிர்கிறது, விட்டு விட்டு, சூடாக, மகள் வாங்குவதற்குக் கையை நீட்டுமுன் பாவாயி எழுந்து நின்று குழந்தையின் முதுகைத் தட்டத் தொடங்கினாள், அழுவறா, எனக்குத் தெரியுது என்றாள், நீட்டப்போன கையைக் கோகிலவாணி இறக்கிக்கொண்டாள்.