நாலு சில்லும் வேணும்

ஆரையம்பதியில் பிரஷாந்தியின் தையல் கடைக்கு வழி கேட்டால், "மூணு சில்லு அக்காட கடையோ?" என்று திருப்பிக் கேட்பார்கள். போன சித்திரைப் புதுவருஷப் போட்டியில், சொந்தமாகச் செய்த கோ-கார்ட்டில் அவள் உட்கார, புருஷன் உதயரூபன் தள்ளிக்கொண்டு ஓட, பாதி வழியில் நாலு சக்கரத்தில் ஒரு சில்லு கழன்று வாவிக்குள் பாய்ந்துவிட்டது. ஒலிபெருக்கிக்காரன் சும்மா இருந்தானா? "மூணு சில்லில வாறா எங்கட தங்கச்சி!" என்று கத்தினான். அன்று ஒட்டிய பெயர் இன்னும் கழலவில்லை. சில்லுக்கு இல்லாத பிடிப்பு அந்தப் பெயருக்கு இருந்தது.

இந்த வருஷம் முதலாவதாக வரவேண்டும் என்ற ஆசையெல்லாம் அவளுக்கு இல்லை. நாலு சில்லோடு கோட்டைத் தாண்ட வேண்டும், அவ்வளவுதான். அதற்காக யாரோடும் சண்டை பிடிக்கத் தயாராக இருந்தாள். முதல் சண்டை வீட்டிலேயே வந்தது.

உதயரூபன் கடலுக்குப் போகிறவன். உலகத்தில் கழன்று போகிற எதையும் மீன்பிடிக்கிற தங்கூசி நரம்பால் கட்டி நிறுத்தலாம் என்பது அவன் கட்சி. வாசல் கேற்று, கறிச்சட்டியின் பிடி, அறுந்த செருப்பு என்று வீட்டில் அவன் முடிச்சுப் போடாத சாமான் கிடையாது. கார்ட்டிலும் அதே வைத்தியம்தான். இரும்பு அச்சின் நுனியில் சில்லை மாட்டி, நட்டை இறுக்கி, அதன்மேல் தங்கூசியைச் சுற்றி, பல்லால் கடித்து முடிச்சுப் போட்டான்.

"இனி யானை இழுத்தாலும் வராது."

யானை தேவைப்படவில்லை. அன்று பின்னேரம் வாவிக்கரை வீதியில் ஓட்டிப் பார்த்தபோது, முதல் வளைவிலேயே இடது பக்கத்து முன்சில்லு கழன்று ஓடியது. கார்ட் சரிந்து பிரஷாந்தியின் முழங்கை தோலுரிந்தது. உதயரூபன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிச் சில்லைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"முடிச்சு கொஞ்சம் இளக்கமாப் போச்சு கா. ரெட்டையாப் போட்டாச் சரி."

பிரஷாந்தி அச்சுக்குப் பக்கத்தில் குந்தினாள். வலது பக்கத்துச் சில்லை முன்னுக்குச் சுற்றினாள், நட்டு இறுகியது. இடது பக்கத்தில் மிஞ்சியிருந்த சில்லைச் சுற்றினாள், நட்டு இளகியது. போன வருஷம் போனதும் இடது சில்லுதான். ஓட ஓட, சில்லே தன் நட்டைக் கழற்றிவிடுகிறது!

"முடிச்சில பிழை இல்லங்க. அச்சு நுனியில ஓட்டை போட்டு இரும்புப் பின் குத்தோணும். நட்டு எவ்வளவு சுத்தினாலும் பின்னத் தாண்டிப் போகாது."

"அது உருக்கு. ஆரு துளைக்கிற?"

"நான்."

காத்தான்குடியில் இரும்புக்கடை வைத்திருக்கும் கச்சி முகம்மது காக்காவிடம் துளைக்கிற மெஷினை இரவல் வாங்கி வந்தாள். அவசரப்பட்டு அழுத்தியதில் முதல் அலகு மழுங்கியது. அடுத்தது முறிந்தது. அவளுக்கு அழுகை முட்டியது. அழுதால் அவன் தங்கூசியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவான் என்று அடக்கிக்கொண்டாள். பிறகு தையல் மெஷின் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, தடித்த துணியில் ஊசி இறக்குவதுபோல் மெல்ல மெல்ல இறக்கினாள். இரும்பு சுருள் சுருளாக வந்தது. நாலு நுனியிலும் ஓட்டை விழுந்தபோது தோள் மரத்துப்போயிருந்தது.

"ரெட்டை முடிச்சுக்கு இவ்வளவு பாடு இல்ல," என்றான் உதயரூபன்.

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உங்கட வள்ளத்து எஞ்சின்ட காத்தாடிய என்னத்தால புடிச்சு வெச்சிரிக்கீங்க? தங்கூசியாலயா?"

"உனக்கென்ன விசரா? அதுக்குப் பின்தான். முடிச்சுப் போட்டா காத்தாடி கடலுக்குள்ள போயிரும்."

"காத்தாடி போகக்கூடாது. நான் போனாப் பரவாயில்ல, என்ன?"

உதயரூபன் தங்கூசியைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான்.

போட்டியன்று காலையில் அவள் கார்ட்டைப் பார்த்தபோது, நாலு நட்டுக்கும் வெளியே நாலு பின்கள் குத்தி, நுனிகள் விரித்து மடிக்கப்பட்டிருந்தன. உதயரூபன் குறட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டிருந்தான்.

வளைவு வந்ததும் சனம் "மூணு சில்லு! மூணு சில்லு!" என்று கூவியது. பிரஷாந்தி பல்லைக் கடித்துக்கொண்டு முன் அச்சில் கட்டிய கயிற்றை இழுத்துத் திருப்பினாள். இடது சில்லு கடகடவென்று ஆடியது. ஆனால் போகவில்லை. கோட்டைத் தாண்டியபோது அவர்களுக்குப் பின்னால் ஒரேயொரு கார்ட்தான் வந்தது.

"எண்ணிப் பாத்திட்டன், நாலும் இரிக்கி!" என்றான் ஒலிபெருக்கிக்காரன். அவள் சிரித்துக்கொண்டே அழுதாள்.

உதயரூபன் மூச்சு வாங்கியபடி இடது சில்லின் பக்கத்தில் குந்தினான். நட்டு நன்றாகக் கழன்று, பின்னில் முட்டிக்கொண்டு நின்றது. அதை விரலால் தொட்டுப் பார்த்தான்.

"நேத்தே கடையெல்லாம் புதுவருஷத்துக்குப் பூட்டு. நாலு பின் எங்கால எடுத்தீங்க?" என்று கேட்டாள்.

"மூணு வீட்டில கிடந்த."

"மத்தது?"

"வள்ளத்தில இருந்து கழட்டின."

"அப்ப காத்தாடி?"

"தங்கூசியால கட்டி வெச்சிரிக்கன்," என்றான் உதயரூபன். "அது போனாப் பரவாயில்ல."