கூட வந்தவர்

லேசர் சிகிச்சை சுத்த ஏமாற்று வேலை என்று ஒரு வருடமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். கோயில் வாசலில், மினி பஸ்ஸில், கல்யாணப் பந்தியில், யாராவது முழங்காலைப் பிடித்துக்கொண்டு முனகினால் போதும், வலியப் போய்ச் சொல்வேன். புதுக்கோட்டையில் அந்தச் சிவப்பு வெளிச்சம் காட்டுகிற கிளினிக்கா, பக்கமே போகாதீர்கள், என் பிழைப்பைக் கெடுத்ததே அதுதான். பாவம் அந்த வெளிச்சம். அது ஒரு தப்பும் செய்யவில்லை.

எங்கள் ஊர் ஆவூருக்குப் பக்கம். போன வருடம் நான் காவலர் எழுத்துத் தேர்வில் தேறியிருந்தேன். மிச்சம் இருந்தது ஓட்டமும் நீளம் தாண்டுதலும்தான். அடுத்த அறிவிப்பு வருவதற்குள் எனக்கு வயது கடந்துவிடும் என்பதால் அதை விட்டால் வேறு வாய்ப்பு இல்லை. விடியும்போதே மாதா கோயில் மைதானத்தில் ஓட ஆரம்பித்துவிடுவேன். என் அப்பா தைரியநாதன் வயலுக்குத் தண்ணீர் கட்டப் போகிற வேலையைத் தள்ளிப் போட்டுவிட்டு, செல்போனில் நேரம் பார்த்தபடி கொடிமரத்தடியில் நிற்பார். பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு இந்த ஓட்டம் என்று கேட்டவர்களை எல்லாம் அவர்தான் வாயடைத்தார். அப்படி ஓர் அப்பா யாருக்கு வாய்ப்பார் என்று நானே பெருமை பீற்றிக்கொண்டிருக்கிறேன்.

தாண்டிப் பழகும்போது மணலில் கால் உள்பக்கமாக மடங்கிவிட்டது. முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியது. ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர் ரெங்கசாமி, தசைநார் லேசாகக் கிழிந்திருக்கிறது, கத்தி வைக்கத் தேவையில்லை, லேசரும் உடற்பயிற்சியும் போதும் என்றார். லேசர் என்றதும் என் அம்மா ஜெயராணி ஆப்பரேஷன் என்றே முடிவு கட்டி, ஜெபமாலையும் பிளாஸ்க்கில் ஆட்டுக்கால் சூப்புமாகக் கிளம்பி வந்துவிட்டார்.

சிகிச்சை கொடுத்தது கலைமதி என்கிற பிசியோதெரபிஸ்ட். என் வயதுதான் இருக்கும். முழங்காலில் அப்பியிருந்த தைலத்தை முதலில் துடைத்து எடுத்தாள், எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக்கூடாதாம். எனக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி, அவளுக்கு ஒன்று. தெரிகிற சிவப்புப் புள்ளி இடம் காட்டத்தான், வேலை செய்கிற வெளிச்சம் கண்ணுக்கே தெரியாது, அதனால் கண்ணாடியைக் கழற்றாதீர்கள் என்றாள். டீ கிளாஸைப் பக்கத்தில் வைத்த மாதிரி ஓர் இளஞ்சூடு, அவ்வளவுதான். சுட்டால் உடனே சொல்லச் சொன்னாள். சிலருக்கு அன்றைக்கே வலி குறையும், சிலருக்கு நாலைந்து தடவை ஆகும், சிலருக்கு மறுநாள் கொஞ்சம் கூடின மாதிரிகூட இருக்கும், பயப்பட வேண்டாம் என்றாள். இது மந்திரம் இல்லை, பயிற்சியைச் செய்யாவிட்டால் வெளிச்சம் மட்டும் ஒன்றும் கிழிக்காது என்றும் சொன்னாள். எனக்கு அவளைப் பிடித்துப் போனது. ஒவ்வொரு தடவையும் அப்பாதான் எக்ஸெல் வண்டியில் கூட்டிப் போனார். வீக்கம் வடிந்தது. படி இறங்கும்போது வலி இல்லை.

எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் ஒரு வழக்கம் உண்டு. நோயாளி எதிரிலேயே உட்கார்ந்திருந்தாலும் டாக்டர் பேசுவது நோயாளியிடம் இல்லை. "கூட வந்தவங்க வாங்க" என்று ஒரு குரல் வரும். வலி ஒருவருக்கு, சேதி இன்னொருவருக்கு. உள்ளே போனவர் கதவைச் சாத்திக்கொள்வார், வெளியே இருக்கிறவர் சுவரில் ஒட்டியிருக்கிற எலும்புக்கூடு படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். இதில் ஏதும் தப்பு இருப்பதாக யாருக்கும் தோன்றியதில்லை. எனக்கும் தோன்றவில்லை.

வலி நின்ற பிறகு ஒருநாள் அப்பா அப்படி உள்ளே போய்விட்டுத் திரும்பியபோது கண் கலங்கியிருந்தது. நான் ஓடலாமா என்றுதான் கேட்டேன். அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஓடவே கூடாதாம் தாயி. வலி போன மாதிரி இருக்கறது எல்லாம் அந்த வெளிச்சத்துல மரத்துப் போனதாம். மீறி ஓடுனா மூட்டே போயிருமாம். டாக்டர் தீத்துச் சொல்லிட்டாரு."

சொல்லிவிட்டு, அத்தனை பேருக்கு நடுவில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நான் அழவில்லை. விடுங்கப்பா, உயிரா போச்சு என்று அவர் முதுகைத் தடவிக் கொடுத்தேன். நான் அவருக்கு ஆறுதல் சொன்னேன்!

அதோடு கிளினிக் போவது நின்றது. ஓட்டத் தேர்வு நடந்த அன்று கோழிக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்தேன். கொஞ்ச நாளில் முழங்கால் சுத்தமாகச் சரியாகிவிட்டது. பார்த்தாயா, ஓடாமல் இருந்ததால்தான் என்றார் அப்பா. ஆமாம்ப்பா என்றேன். அப்புறம் திருமயம் பக்கமிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை சிங்கப்பூரில். போலீஸ் வேலை எல்லாம் விட்டாச்சு, பிள்ளை வீட்டோடதான் இருக்கு என்று அப்பா அவர்களிடம் சொன்னது சமையல்கட்டுவரை கேட்டது. அந்த இடமும் தட்டிப் போனது, அது வேறு கதை.

இந்த வருடம் கோயில் திருவிழா நெருங்கும் நேரத்தில், உர மூட்டையோடு வரப்பில் வழுக்கி அப்பா விழுந்துவிட்டார். வலது தோள் தூக்க முடியவில்லை. எங்கள் ஊர்த் திருவிழாவில் தோளில் சுமக்கிற மாதா சப்பரத்தின் முன் கட்டையில் வலதுபக்கம் அப்பாவின் இடம். அவருக்கு முன்னால் அவருடைய அப்பாவின் இடம். ஒரு தடவை விட்டுக்கொடுத்தால் அடுத்த வருடம் கேட்டு வாங்குவது சாமானியம் இல்லை. அந்தக் கவலையில் மனுஷர் சோறு இறங்காமல் கிடந்தார். அம்மா அதே கிளினிக்குக்குப் போகச் சொன்னபோது மட்டும் அடம் பிடித்தார். திருச்சிக்குப் போவோம், அங்கிட்டு நல்ல டாக்டர் இருக்கார் என்றார். லேசரின் லட்சணம்தான் நம் வீட்டுக்கே தெரியுமே என்று நானும் ஒத்து ஊதினேன். அம்மா விடவில்லை. வண்டியை நான் ஓட்டினேன்.

கலைமதி என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டு சிரித்தாள். டாக்டர் பார்த்து எக்ஸ்ரேயும் எடுத்த பிறகு அப்பாவின் தோளுக்கு வெளிச்சம் காட்டி முடித்து, அவர் உள்ளே சட்டை மாட்டிக்கொண்டிருக்கும்போது கை கழுவ வெளியே வந்தாள். போஸ்டிங் எந்த ஊரில் என்று கேட்டாள். நான் ஓடவே இல்லையே, நீங்கள்தானே கூடாது என்றீர்கள் என்றேன், கொஞ்சம் காட்டமாகவே.

அவள் குழாயை மூடவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"ஓடலாம்னுதாங்க சார் சொன்னாரு. மெதுவா ஆரம்பிச்சு, தேதிக்குள்ள ரெடியாயிரலாம்னு. நான்கூட ஒங்க அப்பாக்கிட்ட முழங்காலுக்கு எலாஸ்டிக் பட்டி சுத்துறதக் காட்டிக் குடுத்தேனே. அவரே சுத்திப் பாத்தாரு."

பட்டி சுற்றக் கற்றுக்கொண்ட அந்தக் கையால்தான் அன்றைக்கு என் கையைப் பிடித்தார். திருமயத்துக்காரர்கள் போலீஸ் பெண் வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். பிள்ளை வீட்டோடதான் இருக்கு. அந்தச் சொல்லைச் சொல்வதற்காக என்னை வீட்டோடு வைத்தார். வேண்டாம் என்று நேராகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், சாப்பிடாமல் கிடந்திருப்பேன், கடைசியில் ஓடியிருப்பேன். அது தெரிந்துதான் என் காலை வைத்தே என்னை மடக்கினார். ஊரார் யாராவது செய்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். கொடிமரத்தடியில் நின்று நேரம் பார்த்தவரே செய்தால் எங்கே போய்ச் சொல்ல?

"தைரியநாதன் கூட வந்தவங்க வாங்க" என்று கூப்பிட்டார்கள்.

கூட வந்தவள் நான்தான். போனேன், கதவைச் சாத்தினேன். டாக்டர் ரெங்கசாமி எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் காட்டி, எலும்பில் ஒன்றும் இல்லை, தசைப்பிடிப்புதான், தொடர்ந்து வந்து பயிற்சியும் செய்தால் திருவிழாவுக்குள் தோள் சரியாகிவிடும், சப்பரம் தூக்கட்டும், ஆனால் அவசரப்பட்டு முன்னாலேயே மூட்டை தூக்க வேண்டாம் என்றார். தலையாட்டிவிட்டு எழுந்தேன்.

அந்தக் கதவிலிருந்து அப்பா உட்கார்ந்திருந்த நாற்காலி பக்கம்தான். அதற்குள் ஒரு பொய் முழுசாக என் வாயில் வந்து நின்றது. தூக்கவே கூடாதாம்ப்பா. மீறித் தூக்கினால் கையே போய்விடுமாம். ஒரு சொட்டுக் கண்ணீரும் விடலாம், முதுகையும் தடவிக் கொடுக்கலாம். எனக்குச் சொல்லித் தந்தவரே எதிரில் உட்கார்ந்திருந்தார்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு குழாயடியில் நின்ற கலைமதியைப் பார்த்தார். விஷயம் எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"சப்பரம் தூக்கலாமாம்" என்றேன். "திருவிழாவுக்குள்ள சரியாயிருமாம்."

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவர் முகம் வெளிறியது. என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நெசமாவா தாயி? அப்புடியேவா சொன்னாரு?"

"அப்படியேதான் சொன்னாரு."

அவரால் நம்ப முடியவில்லை. நான் பொய் சொல்கிறவள் இல்லை என்று ஊருக்கே தெரியும். ஆனால் அந்தக் கதவைத் தாண்டி வருகிற சொல்லை நம்பக்கூடாது என்று அந்தக் கூடத்தில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. நாற்காலியின் கைப்பிடியை இடது கையால் ஊன்றி எழுந்தார். நான் ஒருவாட்டி கேட்டுட்டு வந்துர்றேன் என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

"கேட்டுக்கங்கப்பா" என்றேன். "அன்னைக்கு நான் கேக்க எந்திரிக்கவே இல்ல."

அவர் கதவருகே போய் நின்றார். தட்டக் கையைத் தூக்கினார், தோள் ஒத்துழைக்கவில்லை. நான் உதவிக்குப் போகவில்லை.