கருப்பிக்கு ஒரு படி

காரைக்குடிக்கு ரயில் வந்த வருஷம் என் சித்தப்பா இருளாண்டி செத்துப்போனார். எங்கள் ஊர்க் கண்மாயில் மூழ்கி மடையைத் திறப்பவர் அவர். அதற்கு மானியமாக ஊர் ஒரு துண்டு வயல் விட்டிருந்தது. அவருக்கு ஆண்பிள்ளை இல்லை. கருப்பி ஒரே மகள். அவர் இருமிக்கொண்டு படுத்துவிட்ட மூன்று வருஷமும் மடையில் மூழ்கியது அவள்தான். ஊருக்கே தெரியும். தெரியாததுபோல இருந்தார்கள்.

அந்த வயல்தான் அவளுக்கும் அவள் தாய்க்கும் சோறு. அதைத் தன் பேருக்கே விடச் சொல்லி, ஊர்த்தலைவர் அம்பலத்தின் முன்னால் போய் நின்றாள்.

"பொட்டப்பிள்ளைக்கு விட்டா, நாளைக்கு நீ வாக்கப்பட்டுப் போற ஊருக்குல்ல மானியமும் போயிரும்" என்றார் அம்பலம். "மலையாண்டி தொறக்கட்டும்."

மலையாண்டி நான்தான். எனக்குக் கிணற்றில் நீந்தத் தெரியும், மடை தெரியாது. முடியாது என்று சொல்லியிருக்கலாம். வயல் ஆசை வாயை அடைத்துவிட்டது.

மடை திறக்கும் அன்று கரையில் ஊரே கூடி நின்றது. கருப்பி என் பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னாள்: "அடைப்புக் கட்டைய நேரா இழுக்காதீகண்ணே. திருகி எடுங்க. இல்லாட்டித் தண்ணி கைய உள்ள வாங்கிரும்."

ஒரு பெண் எனக்குச் சொல்லித்தருவதா என்று நேராகத்தான் இழுத்தேன். கட்டை சாய்ந்தது, அந்த இடுக்கில் தண்ணீர் என் கையை உள்ளே வாங்கிக்கொண்டது. மூச்சு முட்டிப்போனது. யாரோ வந்து என் கையை விடுவித்து, என்னை ஒதுக்கித் தள்ளி, கட்டையைத் திருகி எடுத்தார்கள். பிறகு என் தலைமுடியைப் பிடித்து மேலே இழுத்து வந்தார்கள். கருப்பிதான்.

"தொறந்தது யாருப்பா?" என்று அம்பலம் கேட்டார்.

கருப்பி ஈரச்சேலையைப் பிழிந்துகொண்டே என்னைப் பார்த்தாள்.

"நாந்தான்" என்றேன்.

எனக்குத் தலையில் மரியாதைப் பரிவட்டம் கட்டி, வயலையும் என் பேருக்கே விட்டார்கள். நடந்ததை அவள் சொல்லியிருந்தால் மட்டும் யார் கேட்டிருக்கப் போகிறார்கள்? அந்தத் தைரியத்தில்தான் சொன்னேன், வெட்கங்கெட்டவன்.

அடுத்த மாதம் அதே வயலில் கூலிக்கு நடவு நட வந்தாள். சாயங்காலம் நெல் அளந்தேன். ஆணுக்கு இரண்டு படி, பெண்ணுக்கு ஒரு படி. அதுதான் ஊர் வழக்கம். அவள் மடியில் ஒரு படியைக் கொட்டிவிட்டு நிமிர்ந்தேன்.

"அன்னைக்கு ஒங்கள இழுத்தாந்தப்ப, பாதி வழியில விட்டுட்டா வந்தேன், அண்ணே?"

அவள் போய்விட்டாள். அடுத்து நின்றவள் மடியை விரித்தாள். அவளுக்கும் ஒரு படிதான் அளந்தேன்.