இடது கதவில் ஒரு கீறல்

பாலிஷ் கடையில் முதன்முதலில் வாயைத் திறந்தது ஒரு முட்டை வண்டியின் கீறல். மெஷினின் பஞ்சு வட்டு அதன் மேல் உட்கார்ந்து ஒரு சுற்றுச் சுற்றியதும், "ஏய், மரத்தைப் பாருடா!" என்று ஓர் ஆண் குரல் அலறியது, பின்னாலேயே முட்டைகள் உடையும் சத்தம். அப்புறம் கீறலும் இல்லை, குரலும் இல்லை. பாலிஷ்காரர் மெஷினை அணைத்தார், வண்டிக்குள் யாராவது இருக்கிறார்களா என்று குனிந்து பார்த்தார், அடுத்த கதவுக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து அந்தக் கடையில் இப்படித்தான். வண்டியின் நிறத்துக்கு மேலே கண்ணாடி போல மெல்லிய பூச்சு ஒன்று இருக்கிறது பாருங்கள், கீறல் விழுந்த நேரத்துச் சத்தம் அதில் மாட்டிக்கொள்ளும். பூச்சைத் தேய்த்து எடுக்கும்போது ஒரே ஒரு தரம் வெளியே வந்து போய்விடும். தெரு சீக்கிரமே பழகிக்கொண்டது. "இன்னைக்கு யார் வீட்டுச் சண்டைப்பா?" என்று எதிரே டயர் கடைக்காரர் கேட்பதோடு சரி.

பாலிஷ்காரரின் மனைவிக்கு அது நல்ல பொழுதுபோக்கு. வண்டியைக் கழுவுவது, பிசைந்த களிமண் கட்டியால் ஒட்டிய அழுக்கை இழுத்தெடுப்பது, கடைசியில் ஸ்பிரிட் போட்டு எண்ணெய்ப் பசையைத் துடைப்பது எல்லாம் அவள் வேலை. அந்தத் துடைப்பில்தான் எந்தக் கீறல் போயிற்று, எது ஒளிந்திருக்கிறது என்பது தெரியும். அதற்கப்புறம் மேலே பாதுகாப்புக்குக் கோட்டிங் போட்டால், உள்ளே இருப்பது உள்ளேயேதான். பாலிஷ்காரரோ ஊரார் வசவைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு வேலை செய்ய ஆரம்பித்தார். பஞ்சு பழக்கமானபின் மனைவி கூப்பிடுவதும் பாதி நேரம் கேட்பதில்லை.

அவருடைய சொந்த வண்டியில் ஒரு கீறல் இருந்தது. அடர்நீல வண்டி, இடது முன்கதவில் தொடங்கிப் பின்கதவின் விளிம்புவரை ஓடிய நீளக் கோடு. அவரும் அவர் அண்ணனும் ஒரே கொட்டகையில் தொழில் செய்த காலத்தில் அண்ணன் தன் கையால் பெயின்ட் அடித்துக் கொடுத்த வண்டி அது. ஒருநாள் வாடிக்கையாளர்கள் எல்லாரும் பார்த்திருக்க, "நீ அடிக்கிறது பெயின்டா? ஆரஞ்சுப் பழத் தோல், ஒரே சொரசொரப்பு! என்னாலதான் உன் மானம் தப்புது" என்று தம்பி சொல்லிவிட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, பாட்டைச் சத்தமாக வைத்து, வண்டியைக் கிளப்பிப் போனார். தனிக்கடை போட்டபின்தான் கீறலைப் பார்த்தார். பாலிஷ்காரன் வண்டியிலேயே கீறலா என்று கேட்டவர்களுக்கெல்லாம், "அது சாட்சி. கூடப்பிறந்தவன் சாவியால கிழிச்சது. இருக்கட்டும்" என்பார். வருஷங்கள் ஓடின. ஒரே ஊரில் இருந்துகொண்டு இருவரும் வேறு வேறு தெருக்களைச் சுற்றிப் போனார்கள். போன மழைக்காலத்தில் அண்ணன் மூச்சுத் திணறலில் போய்ச் சேர்ந்தார். தம்பி கூட்டத்தின் பின்னால் நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை அண்ணி கடைக்கு வந்தாள். நீல வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தாள்.

"இதைப் பேச வைங்க தம்பி."

"வேணாம் அண்ணி. கெட்ட வார்த்தையாத்தான் இருக்கும்."

"இருந்தா என்ன? அவர் வாய்தானே. வீடு நிறைய போட்டோ இருக்கு, குரல் ஒண்ணுகூட இல்ல. சின்னவளுக்கு அப்பா பேசினதே மறந்துபோச்சாம். ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வரேன்."

அண்ணனின் வசவுக்கு அவர் பயப்படவில்லை. கீறலுக்குள் தன் குரலும் இருந்தால்? அந்த ஆரஞ்சுப் பழத் தோலை அண்ணியும் பிள்ளையும் கேட்டால்? சனிக்கிழமை மனைவியைக் கடைவீதிக்கு அனுப்பிவிட்டு, காதில் பஞ்சை இன்னும் இறுக்கி அடைத்துக்கொண்டு, மெஷினை எடுத்தார். திருடப் போனாலும் தொழில் பழக்கம் போகுமா? விளிம்பில் பெயின்ட் மெல்லிசு, வட்டு பட்டால் கருகிவிடும் என்று பின்கதவின் ஓரத்தில் டேப் ஒட்டிவிட்டுத்தான் தொடங்கினார். முன்னிருந்து பின்னாக ஒரே இழுப்பில் கோடு அழிந்தது. எதிர்க்கடையில் டயர் கழற்றிக்கொண்டிருந்தவர் வேலையை நிறுத்திவிட்டு வெகுநேரம் இந்தப் பக்கமே பார்த்தார். பாலிஷ்காரர் ஏன் என்று கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அண்ணியும் சின்னவளும் கதவின் முன் நின்றார்கள். கதவில் அவர்கள் முகம்தான் தெரிந்தது.

"கை தவறிப்போச்சு அண்ணி" என்றார்.

"அடேங்கப்பா, முன்கதவுலேர்ந்து பின்கதவு வரைக்கும் தவறுச்சா?" என்றாள் மனைவி. ஸ்பிரிட் துணியை எடுத்து அழுத்தித் துடைத்துக்கொண்டே போனவள், பின்கதவின் ஓரத்தில் டேப்பைப் பிய்த்ததும் நின்றாள். டேப்புக்கு அடியில், நகத்தளவு கீறல் பாக்கி இருந்தது.

அண்ணி அவளிடம் ஒரு துண்டுப் பஞ்சை வாங்கி, விரல்நுனியில் பாலிஷ் மருந்து தொட்டு, குழந்தைக்குக் கண்ணைத் துடைப்பதுபோலத் தேய்த்தாள். மனைவி எட்டி அவர் காதிலிருந்த பஞ்சைப் பிடுங்கி எறிந்தாள்.

செருப்பு தரையில் அறைந்து அறைந்து ஓடும் சத்தம். மூச்சிரைப்பு. "குட்டி, நில்லுடா… கடைச் சாவிடா… நீயே வச்சுக்கடா…" பிறகு ஓர் இருமல். அவ்வளவுதான்.

ஓடுகிற வண்டியோடு ஓடி, ஏற்றிய கண்ணாடிக்கு எட்டாமல், அண்ணன் கொடுக்க நீட்டிய கொட்டகைச் சாவிக்கொத்துத்தான் கதவெல்லாம் உரசியிருக்கிறது. அதற்கு முன்னால் கதவு நெடுக என்னென்ன சொல்லிக்கொண்டு ஓடி வந்தார் என்பது தம்பி காதில் அடைத்த பஞ்சோடு போயிற்று. அவரைக் குட்டி என்று கூப்பிட இனி யாருமில்லை.

"இன்னொருதரம் போடுங்க சித்தப்பா" என்றாள் சின்னவள். பாலிஷ்காரர் குனிந்து, கீறல் இருந்த இடத்தை விரலால் தடவித் தேடினார்.

"அந்த இருமலுக்கு நான் எவ்வளவு மருந்து வாங்கியிருப்பேன்!" அண்ணி சிரித்துக்கொண்டே சொன்னாள், சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு போய்விட்டது.

டயர் கடைக்காரரிடம் அவர் பிறகு ஒருநாள் போய்க் கேட்டார். சனிக்கிழமை நிறையப் பேசியதாம் கதவு. ஆனால் ரோட்டு இரைச்சலில் ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை, யாரோ கெஞ்சுவது மட்டும் தெரிந்தது என்றார்.

கடை இப்போதும் நடக்கிறது. கீறலில் மெஷின் வைக்குமுன் வண்டிக்காரரை அழைத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொள்கிறார்கள். சிலர் கேட்டுவிட்டுப் போகிறார்கள், சிலர் வேண்டாம், அப்படியே கோட்டிங் போட்டு மூடிவிடுங்கள் என்கிறார்கள். நீல வண்டிக்கும் கோட்டிங் போட்டாயிற்று. மழைத்துளி அதன்மேல் நிற்காமல் உருண்டோடுகிறது. இடது பக்கக் கண்ணாடியை மட்டும் அவர் ஏற்றுவதே இல்லை. மழை நாளில் அந்தப் பக்கத்து இருக்கை சொட்டச் சொட்ட நனைந்துவிடும். வண்டியையும் மெதுவாகத்தான் ஓட்டுகிறார், பக்கத்தில் ஓடி வருகிறவருக்கு எட்டுகிற வேகத்தில்.